வாய் நிறையத் தண்ணீர்

பிப்ரவரி 11, செவ்வாய்

வானொலியில் காலை நிகழ்ச்சி முடிந்து வீடு வந்தபோது இவர் சட்டையை உள்பக்கம் வெளியே தெரியும்படி மாட்டிக்கொண்டு சோபாவில் உட்கார்ந்திருந்தார்.

"நீங்களே போட்டுக்கிட்டீங்களா?"

"சரி."

"பசிக்குதா?"

"சரி."

"நான் யாருன்னு தெரியுதா? உங்க பொண்டாட்டியா, பக்கத்து வீட்டுப் பூனையா?"

"சரி."

சிரித்தேன். அப்புறம் சமையலறைக்குள் போய், குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன். அழுகைச் சத்தம் கேட்காமல் இருக்கக் குழாயைத் திறக்கிற பழக்கம் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் ஒட்டிக்கொண்டது.

மூளையில் ரத்தக்குழாய் அடைத்துப் படுத்தவருக்குக் கால் ஏறக்குறைய திரும்பிவிட்டது. வலது கை பாதி திரும்பிவிட்டது. பேச்சு மட்டும் எங்கேயோ போனது போனதுதான். இருந்த சொற்களையெல்லாம் வாரிச் சுருட்டிக்கொண்டு போய்விட்டு, இந்த ஒரு 'சரி'யை மட்டும் வாசலில் போட்டுவிட்டுப் போயிருக்கிறது. தலையாட்டலையும் நம்புவதற்கில்லை. வேண்டும் என்றாலும் வேண்டாம் என்றாலும் ஒரே ஆட்டம்.

இதில் என்ன கொடுமை என்றால், நன்றாக இருந்த நாளிலும் இந்த மனுஷன் என்னிடம் அதிகம் சொன்ன சொல் அதுதான். புது ஃப்ளாட் பார்க்கலாமா, சரி. அதை வேண்டாமென்று சொல்லிவிடலாமா, சரி. அப்படியிருக்க, வியாதி எங்கே ஆரம்பிக்கிறது, என் வீட்டுக்காரர் எங்கே முடிகிறார் என்று எனக்கு எப்படித் தெரியும்?

பிப்ரவரி 13, வியாழன்

பேச்சுப் பயிற்சிக்குப் போனோம். பயிற்சி தருகிற பெண்ணுக்கு வயது என் கல்யாணப் புடவையின் வயதுகூட இருக்காது. தமிழில் படம் காட்டி என்னென்னவோ கேட்டாள். பூ, மீன், கதவு. எல்லாவற்றுக்கும் 'சரி'தான்.

"சார் என்ன வேலை பார்த்தார்?" என்றாள்.

ஒன்றாம் வகுப்புக்கு இங்கிலீஷ் வாத்தியார் என்றேன். குழந்தைகளுக்கு ஒரே மாதிரி முடியும் சொற்களைக் கண்டுபிடிக்கச் சொல்லித் தருவது அவருக்குப் பிடித்த பாடம் என்றும் சொன்னேன். பயிற்சித்தாள் தயாரிக்கும்போது வீடு முழுக்க "பேட், கேட், ஃபேட், ஹேட்" என்று முணுமுணுத்துக்கொண்டு நடப்பார். குளியலறையிலும்.

அந்தப் பெண் சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தாள். இவர் பக்கம் திரும்பி, "பெட்," என்றாள்.

இவர் உதடு ஒட்டிக்கொண்டது, பிரிந்தது.

"ரெட்."

ரெட்! தெளிவாக, வாத்தியார் குரலில், ரெட்! அவளே கைதட்டிவிட்டாள். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். சந்தோஷம்தான், பொய் சொல்லவில்லை. ஆனால் ஆட்டோவில் திரும்பும்போது உள்ளுக்குள் ஒரு கடுப்பு. இத்தனை நாள் வாய்க்குள் தேடித் தேடி இவர் கொண்டுவந்த முதல் சொல் என் பெயராக இருந்திருக்கக் கூடாதா? தமிழிலாவது இருந்திருக்கக் கூடாதா? சிவப்பாம் சிவப்பு.

பிப்ரவரி 15, சனி

வீட்டுப்பாடம் எனக்கு. தினமும் இவருக்குக் கொடுக்க இங்கிலீஷில் ஜோடிச் சொற்கள் எழுதி வைக்க வேண்டும். ஒரு பக்கம் நிறைய எழுதிவிட்டேன். வானொலியில் இத்தனை வருஷம் குப்பையா கொட்டினேன்? "காலைக் கதிரவனோடு கைகோத்து வரும் கானங்கள்" என்று தூக்கத்திலும் அடுக்குவேனே.

பென், பென்சில். சன், சண்டே. மில்க், மிரர். ஃபேன், ஃபேக்டரி.

இவரிடம் "பென்" என்று சொல்லிவிட்டு, "பென்சில்" வரும் என்று வாயைப் பார்த்தேன். "டென்," என்றார். "மென்," என்றார். "பென்சில்னு சொல்லுங்க" என்றேன். என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, கடைசி பெஞ்சுப் பிள்ளையைப் பார்க்கிற பார்வை.

பிப்ரவரி 18, செவ்வாய்

அந்தப் பெண் என் தாளைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அம்மா, நீங்க தலையை ஒட்டிட்டு வந்திருக்கீங்க. இங்கிலீஷ்ல வாலைத்தான் ஒட்டணும்."

எனக்கு மானம் போயிற்று. வால் ஒட்டுவது எனக்குத் தெரியாதா? இயைபு என்று நமக்கும் ஒன்று உண்டு. ஆனால் காது பழகியது மோனைக்கும் எதுகைக்கும்தான். சொல் வாசலில் நுழையும்போதே கைகுலுக்கிவிடுகிற காது என்னுடையது. கடைசிவரை காத்திருந்து வால் எப்படி ஆடுகிறது என்று பார்க்கிற பொறுமை அதற்கு இல்லை. எனக்கு எதற்குத்தான் இருந்தது பொறுமை?

இவரோ எனக்கு நேர் எதிர். வாலை முதலில் பிடித்துக்கொள்வார். அப்புறம் இங்கிலீஷ் எழுத்தெல்லாம் வரிசையாக ஒவ்வொன்றாக முன்னால் மாட்டிப் பார்ப்பார், எது பொருந்துகிறது என்று. பிள்ளைகளுக்கும் அப்படித்தான் சொல்லித் தருவார். சாவிக்கொத்தில் எந்தச் சாவி என்று தெரியாதவன் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கிற மாதிரி. இத்தனை நாள் கூடவே இருந்தும் இன்றைக்குத்தான் அதைக் கவனித்தேன்.

பிப்ரவரி 20, வியாழன்

நாத்தனார் போன் செய்தார். இவருக்கு அக்கா. பெரிய ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். வார்டை அடக்கிய குரல் இன்னும் போகவில்லை. இங்கிலீஷில்தான் வார்த்தை வருகிறது என்று நான் சொன்னதிலிருந்து தம்பியிடம் இங்கிலீஷிலேயே பேசுகிறார்.

ஸ்பீக்கரில் போட்டேன். "தம்பி, கம் அண்ட் ஸ்டே வித் மீ. தரைத்தள வீடு, படி ஏற வேண்டாம். நான் நாள் பூரா கூடவே இருப்பேன். வர்றியா? ஓகே?"

"சரி," என்றார் இவர்.

"பார்த்தியா, சரின்னுட்டான். அடுத்த மாசம் நானே வந்து கூட்டிட்டுப் போறேன். உனக்கும் விடியறதுக்கு முன்னாடி ஸ்டேஷனுக்கு ஓடணும். இவன் தனியா கிடக்கான். உங்களுக்குன்னு வேற யாரு இருக்கா?"

"எல்லாத்துக்கும் சரிதான் சொல்றார், அண்ணி."

"அதெல்லாம் இல்ல. அவன் மனசு எனக்குத் தெரியும்."

போனை வைத்ததும் ஒரு கணம் நிம்மதியாக இருந்தது. மருந்து, குளியல், படிக்கட்டு, பயம் எல்லாம் வேறொருவர் தோளுக்குப் போகிற நிம்மதி. என்னையே பளாரென்று அறையலாம் போலிருந்தது. அப்புறம் இவரைப் பார்த்தேன். ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நிஜமாகவே போகணும்னு நினைக்கிறாரா? சொல்லித் தொலையேன்யா.

பிப்ரவரி 21, வெள்ளி

டாப், மாப். கேக், லேக். ரிங் – அதற்குப் பதிலை நானே சொல்லிவிட்டேன். மறுபடியும்.

பிப்ரவரி 25, செவ்வாய்

திட்டு வாங்கினேன். நல்ல திட்டு.

பயிற்சியை அங்கேயே என்னை வைத்துச் செய்யச் சொல்லி ஓரமாக உட்கார்ந்து பார்த்தாள் அந்தப் பெண். நான் "நைட்" என்றேன். இவர் வாய் திறந்தது. மூடியது. நெற்றி சுருங்கியது. "லைட்!" என்றேன் நான். அடுத்தது "பேக்". இவர் "ப்..." என்று ஆரம்பிக்க, "பேக்கு என்ன வரும், டேக், ரேக், ஏதாவது ஒண்ணு" என்று நானே பரிமாறிவிட்டேன்.

"அம்மா, அவருக்கு வார்த்தை வந்துட்டே இருந்துச்சு. நீங்க வழியில நின்னு பிடுங்கிட்டீங்க."

"சும்மா இருந்தா பாவமா இருக்கும்மா, அவர் திணர்றதப் பாக்க."

"அவருக்குப் பாவமா இல்ல. உங்களுக்குத்தான் தாங்கல."

என் தொழிலை எடுத்துச் சொன்னேன். மைக் முன்னால் மௌனம் விழக் கூடாது. பாட்டு வரத் தாமதமா, பேசு. விருந்தினர் வார்த்தைக்குத் தடுமாறுகிறாரா, நீ எடுத்துக் கொடு. ஒரு மூச்சு அதிகம் விட்டால் கேட்கிறவர் வேறு ஸ்டேஷனுக்குத் தாவிவிடுவார். எனக்கு அது வேலை இல்லை, எலும்புக்குள் போய்விட்டது.

அவள் யோசித்தாள். பிறகு மேஜைமேல் இருந்த தண்ணீர் பாட்டிலை என் பக்கம் தள்ளினாள்.

"பயிற்சி செய்யும்போது சொல்லைச் சொன்ன உடனே ஒரு வாய் தண்ணி எடுத்து வச்சுக்கோங்க. முழுங்கக் கூடாது. அவர் பதில் சொன்ன பிறகுதான் முழுங்கணும்."

சிரிப்பாள் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை.

பிப்ரவரி 26, புதன்

"ஹாட்" என்று சொல்லிவிட்டு ஒரு வாய் தண்ணீர் எடுத்துக்கொண்டேன். கன்னம் இரண்டும் உப்பி, எதிரில் கண்ணாடியில் பார்த்தால் பலூன் விற்கிறவளும் பலூனும் நானேதான். இவர் என்னைப் பார்த்தார். உதட்டோரம் ஆடியது. ஆஸ்பத்திரிக்குப் போனதற்குப் பிறகு முதல் தடவையாகச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்து, தண்ணீர் மூக்கு வழியாக வந்து, இருமி, நைட்டி நனைந்து...

அவ்வளவு அமர்க்களத்துக்கு நடுவே நிதானமாகச் சொன்னார்: "பாட்." அப்புறம் "நாட்."

துடைத்துக்கொள்ளத் துண்டையும் எடுத்து நீட்டினார். இடது கையால்.

மார்ச் 2, ஞாயிறு

இந்தத் தண்ணீர் பயங்கரமானது. வாய்க்குள் கனக்கிறது. வாய் மூடினால் காது இவ்வளவு திறக்கும் என்று யாரும் சொன்னதில்லையே. கீழ்வீட்டுத் தையல் மிஷின் சத்தம், ஃபிரிட்ஜ் உறுமல், இவர் மூச்சு. அந்த மூச்சுக்குள் மெல்லிய சத்தங்கள். "ப்", "ட்", "ஃப்". எழுத்து எழுத்தாகப் போட்டுப் பார்க்கிறார். திணறுகிறார் என்று நான் நினைத்ததெல்லாம் திணறல் இல்லை. வேலை.

ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருப்பதுபோல் களைப்பு தருவது வேறில்லை. கால் தானாக ஆடுகிறது. விரல் மேஜையில் தாளம் போடுகிறது. இன்று தம்ளர் விளிம்பைக் கடித்தே வைத்துவிட்டேன்.

ஆனால் பயிற்சி முடிந்ததும் பழைய கதைதான். "டீ வேணுமா, காபி வேணுமா?" சரி. ஜோடிக்கு ஜோடி வருகிறது, கேள்விக்குப் பதில் வரவில்லை. லைட், நைட், கைட் என்று சொல்லத் தெரிந்தவருக்கு லைட்டை அணை என்று சொல்ல வரவில்லை. என்ன பிரயோஜனம்? இவரை மேடையேற்றிப் பாட்டா பாட வைக்கப் போகிறேன்?

மார்ச் 5, புதன்

அண்ணி போன். அறை தயாராம். புதுப் போர்வை வாங்கியிருக்கிறாராம். இவரிடம் "ஹவ் ஆர் யூ, தம்பி?" என்றார். இவர் வாய் திறப்பதற்குள் "நல்லா இருக்கார் அண்ணி, நேத்துகூட நிறைய சொல் சொன்னார்" என்று நான் பாய்ந்துவிட்டேன். போனில் தண்ணீர் ஞாபகம் வரவில்லை.

அண்ணி இங்கிலீஷை விட்டுவிட்டு என்னிடம் பேசினார்.

"நான் ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்காத. நீ அவனை வாய் திறக்கவே விட மாட்டேங்கற. அவனுக்கு சீக்கு வந்தது இப்போ. ஆனா அவன் பேச்சை நிறுத்தி ரொம்ப நாளாச்சு. இங்க வந்தா பேசுவான், பாரு."

பதிலுக்கு நான் சொன்னதை எழுத மாட்டேன். நல்ல வார்த்தை இல்லை. போனைப் படாரென்று வைத்தேன். இவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன பாக்கறீங்க? உங்க அக்கா சொல்றது நெசமா? நான்தான் உங்க பேச்சை நிறுத்தினேனா?"

"சரி."

சரியாம்!

மார்ச் 6, வியாழன்

நேற்றிலிருந்து அந்த 'சரி' காதிலேயே நிற்கிறது. வியாதி சொன்ன சரியா, அவர் சொன்ன சரியா?

மார்ச் 9, ஞாயிறு

இரண்டு தாள் எடுத்தேன். ஒன்றில் 'போகிறேன்', இன்னொன்றில் 'இருக்கிறேன்'. கொட்டை எழுத்தில். அவர் முன்னால் வைத்து, "எது?" என்றேன். உடனே வாயில் தண்ணீர் எடுத்துக்கொண்டேன்.

முதலில் 'இருக்கிறேன்' மேல் விரலை வைத்தார். எனக்கு உயிர் வந்தது. அப்புறம் 'போகிறேன்' மேலும் வைத்தார். அதற்கப்புறம் இரண்டையும் ஓரம் நேராக்கி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, வகுப்பில் விடைத்தாள் அடுக்குவதுபோல், என்னிடம் பணிவாகத் திருப்பிக் கொடுத்தார்.

பயிற்சிப் பெண்ணிடம் போனில் சொன்னபோது, படிப்பதும் இப்போதைக்குக் குழம்பும், அதை வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம் என்றாள். முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ளக் கூடாதா என்று கேட்கத் தோன்றும். பார்க்கிறேன். நான் நிம்மதியாக இருக்கிற நேரம் பார்த்தால் 'இங்கேயே இருக்கேன்' என்று தெரிகிறது. பயத்தில் பார்த்தால் 'என்னை விட்டுவிடு' என்று தெரிகிறது. என் மூஞ்சியைத்தான் அதில் பார்க்கிறேன்.

போக விரும்பினால் போகட்டும். சத்தியமாகத் தடுக்க மாட்டேன். ஆனால் அதை அவர் சொல்லிப் போக வேண்டும். என்னிடமிருந்து தப்பிக்கத்தான் போகிறார் என்றால் அதையும் சொல்லிவிட்டுப் போகட்டுமே. நான் கேட்கிறேன்.

மார்ச் 13, வியாழன்

இன்று ஸ்டேஷனில் விபரீதம். பாட்டு முடிந்தது. மைக் திறந்தது. சிவப்பு விளக்கு எரிந்தது. ரெட் என்று நினைத்தேன். ரெட், பெட், ஃபெட், லெட்... என்று மனசு எழுத்து வரிசையில் இறங்கிவிட்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையை ஆட்டுகிறான் சவுண்ட் இன்ஜினியர். எப்போதும் கொட்டாவி விட்டுக்கொண்டே இருப்பதால் நாங்கள் 'கொட்டாவி' என்று கூப்பிடுகிறவன், இன்றைக்குக் கண்ணெல்லாம் பிதுங்க எழுந்து நிற்கிறான். அப்புறம்தான் எனக்கு உறைத்தது.

வெளியே வந்ததும், "என்னக்கா, மைக் போச்சுன்னு நெனச்சேன். நீங்க வாய மூடி நான் பாத்ததே இல்ல," என்றான்.

திட்டு வரும் என்று பயந்தேன். ஒருவர்கூட போன் செய்து குறை சொல்லவில்லை. ஸ்டேஷனை மாற்றியிருப்பார்கள் என்கிறான் கொட்டாவி. இருக்கலாம். ஆனால் இத்தனை வருஷமாக நான் பயந்த பூதம் எதிரில் வந்து நின்று, ஒன்றும் செய்யாமல் போய்விட்டது.

மார்ச் 18, செவ்வாய்

இவரும் நானும் போட்டி. நான் ஒரு வால் சொல்ல, மாறி மாறி முன்னெழுத்து மாட்டினோம். தோற்றேன். இங்கிலீஷில் என்னைத் தோற்கடிப்பது பெரிய காரியமில்லை. ஆனாலும் மனுஷனுக்கு என்ன பெருமை.

அண்ணி சனிக்கிழமை வருகிறார்.

மார்ச் 20, வியாழன்

துணிப்பை எடுத்து இவர் உடைகளை அடுக்கினேன். திரும்ப எடுத்து அலமாரியில் வைத்தேன். திரும்ப அடுக்கினேன். இவர் கதவருகில் நின்று பார்த்தார்.

"அடுக்கட்டுமா, வேண்டாமா?"

"சரி."

மார்ச் 22, சனி

எழுதிவிட வேண்டும்.

அண்ணி மதியம் வந்தார். நல்லபடியாகத்தான் பேசினார். போனில் நான் கத்தியதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. வந்ததும் வராததுமாகத் தம்பியின் கையைப் பிடித்து நாடி பார்த்தார், நகம் பார்த்தார், "நல்லாத்தான் பார்த்துக்கிட்டிருக்கே" என்று என்னிடம் சொன்னார். கெட்டவராக இருந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

சாப்பிட்டு முடித்து முன்னறையில் உட்கார்ந்தோம். இவர் சோபாவில். அண்ணி எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அண்ணி, இன்னொரு தடவை கேளுங்க அவரை," என்றேன். "என் எதிர்ல கேளுங்க. நான் வாயே திறக்க மாட்டேன்."

"நீயா?" என்றார். கேலிதான்.

மேஜைமேல் இருந்த தம்ளரை எடுத்தேன். ஒரு வாய் நிறையத் தண்ணீர் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அண்ணி என் உப்பிய கன்னத்தைப் பார்த்து, இவளுக்கும் ஏதாவது வந்துவிட்டதா என்பதுபோல முழித்தார். பிறகு தம்பி பக்கம் திரும்பினார். வார்டு குரலை இறக்கி, சின்னப் பிள்ளையிடம் கேட்பதுபோல் கேட்டார்.

"தம்பி. டுமாரோ, யூ அண்ட் மீ. ஷால் வி கோ?"

இவர் வாய் திறந்தது. "ச..." என்று வந்தது. ஆனால் அந்த 'ச' பாதியிலேயே நின்றுவிட்டது. உதட்டை இறுக்கி அதை உள்ளே தள்ளினார். நான் பார்த்தேன், அவர் வேண்டுமென்றே அதை உள்ளே தள்ளினார்.

"கோ," என்றார்.

"கேட்டியா!" அண்ணி தொடையில் தட்டிக்கொண்டார். "கோன்னு வாயைத் திறந்து சொல்லிட்டான். இப்ப என்ன சொல்றே?"

நான் என்ன சொல்ல? வாய் நிறையத் தண்ணீர். கண்ணிலும் வந்துவிட்டது. சரி, போகிறார். சொல்லிவிட்டார். கேட்டேன், கிடைத்தது. முழுங்கிவிட்டு "சரி அண்ணி, நான் பையை எடுத்துட்டு வரேன்" என்று எழுந்துவிடலாம் என்று பாதி எழுந்தும்விட்டேன்.

"ஹோ," என்றார் இவர்.

அப்படியே உட்கார்ந்தேன்.

"என்ன தம்பி?" என்றார் அண்ணி.

"லோ."

அண்ணிக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. வாலைப் பிடித்துக்கொண்டார். எழுத்து எழுத்தாக மாட்டிப் பார்த்துக்கொண்டு வருகிறார். அக்கா கொடுத்த சொல்லை வைத்துக்கொண்டு தனக்கு வேண்டிய சொல்லைத் தேடி நடக்கிறார். எதைத் தேடுகிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்துவிட்டது என்று நினைத்தேன். என் நாக்கு நுனியில், அந்தத் தண்ணீருக்கு நடுவில், அந்தச் சொல் வந்து நின்றுகொண்டு குதிக்கிறது. எடுத்துக் கொடுத்துவிட்டால் முடிந்தது. ஆனால் நான் கொடுத்தால் அது என் சொல்.

"மோ," என்றார். நெற்றியெல்லாம் வியர்வை.

"அவனுக்கு முடியல, ஏதோ உளர்றான். பேசு நீ, பேசாம ஏன் உக்காந்திருக்க?" அண்ணி பதறினார். நான் தலையை மட்டும் ஆட்டினேன். நிற்காமல் தாண்டிப் போய்விடுவாரோ? அடுத்த எழுத்தில் கால் வழுக்கி, ஸோ, டோ என்று எங்கேயாவது போய் விழுந்துவிடுவாரோ? கடவுளே, அங்கேயே நில்லுங்க. அடுத்ததுதான். அடுத்ததேதான்.

அக்காவின் முகத்தைப் பார்த்தார். பிறகு என் முகத்தை.

"நோ."

இடது கையால் சோபாக் கையில் ஒரு தட்டு தட்டினார்.

"நோ," என்றார் மறுபடியும். வாத்தியார் குரலில். சத்தமாக.

எனக்குத் தண்ணீர் புரைக்கேறியது. மூக்கிலும் வாயிலும் கொட்டி, மூச்சு முட்டி, முன்னால் சாய்ந்துவிட்டேன். அண்ணிதான் ஓடிவந்து முதுகில் தட்டினார். நர்ஸ் கை, பலமான கை. தட்டிக்கொண்டே இருந்தார், இருமல் நின்ற பிறகும்.

"பிறந்ததிலேருந்து இவன் என்னைப் பார்த்து முடியாதுன்னு ஒரு தடவைகூட சொன்னதில்லடி," என்றார். என்னை அவர் 'டி' போட்டதும் இதுதான் முதல் தடவை.

அப்புறம் தன் பெட்டியைத் திறந்தார். அறைக்கென்று வாங்கிய புதுப் போர்வை அதில் இருந்தது. எதற்காக அதைத் தூக்கிக்கொண்டு வந்தார் என்று நான் கேட்கவில்லை. எங்கள் கட்டிலில் விரித்து, நான்கு மூலையும் ஆஸ்பத்திரிக் கணக்காக மடித்துச் செருகிவிட்டு, நாளைக்குத் தான் மட்டும் போகிற பஸ்ஸுக்கு நேரம் விசாரிக்கச் சொன்னார்.

மார்ச் 23, ஞாயிறு

பையில் இருந்த சட்டைகளை எடுத்து மாட்டினேன். இந்தத் தடவை திரும்ப அடுக்கவில்லை.

மார்ச் 30, ஞாயிறு

கிடைத்தாலும் கிடைத்தது, ஒரு வாரமாக மனுஷன் அதை வைத்துக்கொண்டு வீட்டையே ஆட்டி வைக்கிறார். குளிக்கலாமா? நோ. மாத்திரை? நோ. மஞ்சள் சட்டை? நோ. அண்ணி வீடியோவில் கூப்பிட்டு, "கொஞ்சம் மெலிஞ்ச மாதிரி இருக்கே?" என்றால் அதற்கும் ஒரு நோ. பயிற்சிப் பெண் "சந்தோஷப்படுங்கம்மா" என்கிறாள். அவளை இங்கே வந்து ஒருநாள் இவரைக் குளிப்பாட்டச் சொல்ல வேண்டும்.

எனக்கு உள்ளூர ஒரு சந்தேகம் வேறு. முன்பு சரி என்பதில் மாட்டிக்கொண்ட நாக்கு, இப்போது நோ என்பதில் மாட்டிக்கொண்டிருக்கிறதோ? அப்படியென்றால் அந்தச் சனிக்கிழமை சொன்ன நோ?

இன்று மாலை பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். நேராகவே கேட்டுவிடுவது என்று. தண்ணீர் எடுத்துக்கொள்ளவில்லை. வெறும் வாயோடு காத்திருக்க முடிகிறதா என்று நானும் பார்க்க வேண்டியிருந்தது.

"நான் பேசறது உங்களுக்குத் தொல்லையா இருக்கா?"

காத்திருந்தேன். கீழே தையல் மிஷின் ஓடி நின்றது.

"நோ," என்றார்.

"அப்ப, இனிமே நான் பேச்சைக் குறைச்சுக்கட்டுமா?"

யோசித்தார். ஜன்னலைப் பார்த்தார். நான் விரலைக்கூட ஆட்டவில்லை.

"நோ."

இரண்டுக்கும் அதே பதில். நம்பலாமா கூடாதா? கடைசியாகக் கேட்டேன்.

"டீ போடட்டுமா?"

இதற்கும் நேரம் எடுத்துக்கொண்டார். வாயைத் திறந்தார், மூடினார், என்னைப் பார்த்தார். உதட்டோரத்தில் அந்தத் தண்ணீர்ச் சிரிப்பு.

"சரி."

எழுந்து சமையலறைக்குப் போனேன். போகிற வழி முழுக்கப் பேசிக்கொண்டே போனேன்.